ஆடு தெரியாத பாதை

'முதல் பார்வை' என்று யாராவது வீடியோவை ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொருளை டப்பாவிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் தாளை மெதுவாகக் கிழித்து, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு 'வேற லெவல்' என்று சொல்வதற்கு எதற்கு ஒரு ஆள்? ஆனால் எங்கள் சேனலுக்குச் சோறு போட்டது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு கேமராவைப் பிடிப்பேன். பாஸ்டின் பேசுவான், நான் பொருளின் வேகத்தை அளப்பேன். ரிச்சி தெருவில் ஒரு ஸ்பீக்கர் கடைக்கு மேலே எங்கள் அறை. கீழே சோதனைக்காகப் பாட்டு அலறும்போதெல்லாம் ஷூட்டிங்கை நிறுத்திவிட்டு டீ குடிப்போம்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரையும் ஸோரிக் கிராஃபிக்ஸ் கார்டு வந்த அன்று பாஸ்டின் டீயைக்கூட மறந்துவிட்டான்.

"மக்களே, இதுவரைக்கும் வந்த கார்டெல்லாம் நடந்ததை வரைஞ்சுது. இது நடக்கப்போறதை வரையுது. நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பறதுக்குள்ள திரும்பின ரோடு உங்க கண்ணு முன்னாடி ரெடியா இருக்கும். படம் லேட்டா வர்றதுக்கு லேக்னு ஒரு வார்த்தை இருந்துச்சே, அதை இன்னையோட மறந்துருங்க."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் நாம் பார்ப்பது வரிசையாக ஓடும் படங்கள்தான். ஸோரிக் இரண்டு படங்களைப் பார்த்து அடுத்த பத்துப் படங்களைத் தானே ஊகித்து வரைந்துவிடும். ஓட்டிப் பார்த்தால் நெய்யில் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. உலகம் பூராவும் விமர்சகர்கள் ஒரே குரலில் பாடினார்கள். எங்கள் வீடியோவுக்குக் கீழே கமெண்டுகள் கொட்டின. 'கிட்னியை வித்தாச்சும் வாங்கணும்' என்று எழுதியவர்களே பாதிப்பேர்.

அந்த வீடியோவை எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தது பாஸ்டினின் மனைவி சகாயராணி. எண்ணூருக்கு வடக்கே ஒரு தனியார் துறைமுகத்தில் அவள் கிரேன் ஓட்டுகிறாள். கிரேன்மேல் ஏறி உட்காரும் காலம் போய்விட்டது. ஏசி அறையில் நாற்காலி, முன்னால் திரை, கையில் இரண்டு குச்சிகள். பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டில் இருக்கும் கேமராக்கள் படம் அனுப்பும், அதைப் பார்த்து இவள் கண்டெய்னர்களைத் தூக்கி இறக்குவாள். கேமரா படம் கொஞ்சம் தாமதித்து வரும் என்பதுதான் அவளுடைய தலைவலி. கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். கல்யாணமான புதிதில் ஷிஃப்ட் முடிந்து வந்து வாந்தி எடுப்பாள், பாஸ்டினின் அம்மா தப்புக் கணக்குப் போட்டு மாங்காய் வாங்கிவந்து வைப்பார்.

புருஷன் வீடியோவை ஆபீசில் காட்டியது சகாயாதான். மேற்பார்வையாளர் பார்த்தார், அவருக்கு மேலே இருந்தவர் பார்த்தார், மூன்றே வாரத்தில் எல்லா மேசையிலும் ஸோரிக் ஏறிவிட்டது. "தலைவலி போயே போச்சுக்கா" என்று எனக்கு அவளே ஃபோன் பண்ணிச் சொன்னாள். அவள் குரலைக் கேட்டு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து விரிவான ரிவ்யூவுக்காகக் காலையில் பழைய கமெண்டுகளை மேய்ந்துகொண்டிருந்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: 'அண்ணா, நான் ஆடு இடிச்சு நாலு தடவை அவுட். ஆடு ஸ்கிரீன்ல வரவே இல்ல. இடிச்ச அப்புறம்தான் தெரியுது.' கீழே அவரை வறுத்தெடுத்திருந்தார்கள். கண் டாக்டரைப் பார், ஆட்டைப் பார், உனக்கு எதற்கு கார்டு, பிரியாணி போடு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், எங்கள் வழக்கம்.

கார்டுகளை ஒப்பிட நாங்கள் ஒரே கார் விளையாட்டைத்தான் ஓட்டுவோம். அதே மலைப்பாதை, அதே கார், ஓட்டுவதும் பாஸ்டின் ஒருவன்தான். அந்த விளையாட்டில் ஆடு, மாடு, குறுக்கே ஓடும் மனிதர் என்று எது வேண்டுமானாலும் எதிர்பாராமல் வரும். ஆனால் அளக்கும்போது அதை அணைத்துவிடுவோம். ஒரு ஓட்டத்தில் ஆடு வந்து அடுத்த ஓட்டத்தில் வராவிட்டால் கணக்கு கோணிவிடும் அல்லவா? நாங்கள் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் முதலில் செய்யும் வேலை அதுதான். ஆக, இந்தக் கார்டைப் புகழ்ந்த ஒருவர்கூட அதை ஆட்டோடு ஓட்டிப் பார்க்கவில்லை.

"பாஸ்டின், ஆட்டை ஆன் பண்ணு."

"இன்னாக்கா காலங்காத்தால?"

"பண்ணுடா."

பழைய கார்டு ஒரு திரையில், ஸோரிக் பக்கத்துத் திரையில். ஒரே ஓட்டம் இரண்டிலும் ஓடும்படி இணைத்தேன். எதிரே ஸ்லோ மோஷன் கேமராவை வைத்தேன். பாஸ்டின் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். ஏழாவது வளைவில் பழைய திரையில் ஒரு வெள்ளாடு புதரிலிருந்து இறங்கி நடுரோட்டில் நின்றது. ஸோரிக் திரையில் ரோடு காலியாக இருந்தது. வெயிலும் மரநிழலும் பளபளவென்று, ஒரு குறை சொல்ல முடியாத காலி ரோடு. கார் ஆட்டை ஏறி மிதித்த பிறகுதான் அங்கே ஆடு முளைத்தது.

பாஸ்டின் முணுமுணுப்பதை நிறுத்தினான். "இது ஏதோ பக் அக்கா, சாஃப்ட்வேர் கோளாறு. கம்பெனிக்காரனுக்குப் போடு."

கார்டை எங்களுக்கு அனுப்பிவைத்த பொறியாளர் வெங்கடாத்ரி பெங்களூரில் இருந்தார். திருத்தணிக்காரர், நல்ல மனிதர், எதற்கும் பதறாதவர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அது பக் இல்ல மேடம். அந்த வளைவு இத்தனை தடவை காலியா இருந்திருக்கு. அடுத்த தடவையும் காலியாதான் இருக்கும்னு கார்டு நம்புது. புதுசா ஒண்ணு வந்தா முதல்ல அதைத் தூசுன்னு நினைச்சுத் துடைச்சிடும். கொஞ்ச நேரம் விடாம அங்கயே இருந்தா, சரி நிஜம்தான் போலன்னு ஒத்துக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அது... பழகப் பழகக் கூடும். புது கார்டுல கண் சிமிட்டற நேரம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாத்ததுன்னா நம்பிக்கை ஏறிடும். அப்ப ஜாஸ்தி ஆகும். அதே மாதிரி ஒண்ணை ஒத்துக்கிச்சுன்னா லேசுல விடவும் விடாது."

"இதைக் கார்டு டப்பா மேல எழுதியிருக்கீங்களா?"

"விளையாட்டுக்குத்தானே மேடம் செஞ்சோம்? கேம்ல ஒரு ஆடு செத்தா என்ன ஆகிடப்போவுது?"

பாஸ்டின் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"அக்கா, சகாயா ஒரே சந்துலதான் நாள் பூரா கண்டெய்னர் பெட்டி எறக்குறா. ஒரு மாசமா. அதே சந்து, அதே லாரி, அதே எடம்."

"கீழ ஆள் நிப்பாங்களா?"

"ட்ரைவருங்க எறங்கி பெட்டியைப் பிடிச்சிருக்கிற லாக்கைத் தொறப்பாங்க. தனியா கட்டம் போட்டுருக்கு, அதுக்குள்ளதான் நிக்கணும். ஆனா வெயில்ல எவன் கட்டத்துல நிப்பான்? நெழலு பெட்டிக்குக் கீழதான இருக்கு."

அவளுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. கன்ட்ரோல் அறைக்குள் ஃபோன் எடுத்துப்போகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆபீஸ் நம்பருக்கு அடித்தோம். மேற்பார்வையாளர் ஜெயசீலன் எடுத்தார். நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சார், உங்க வீடியோவைப் பாத்துதானே வாங்கினோம். வேலை எப்படிப் பறக்குது தெரியுமா? சகாயாவுக்கு ஷிஃப்ட் முடியட்டும், சாவகாசமா பேசலாம்."

வண்டியை எடுத்தோம். பாஸ்டினின் பைக்கில் பின்னால் உட்காருவதற்கு நான் எப்போதும் யோசிப்பேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. திருவொற்றியூர் தாண்டியதுமே கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒன்றின் வால் இன்னொன்றின் வாயில். இடையில் புகுந்து, மண்ணில் இறங்கி, ஏறி, புழுதியைத் தின்றுகொண்டு போனோம். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு டிரைவர், ஒவ்வொருவரும் இன்னும் சற்று நேரத்தில் சகாயாவின் கிரேனுக்குக் கீழே இறங்கி நிற்கப்போகிறவர். பாஸ்டின் வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தான். என்னிடமா, தன்னிடமா தெரியவில்லை. "லேக்கை மறந்துருங்கன்னு சொன்னனேக்கா, நான்தானே சொன்னேன்." அவன் சொன்னதுதானே?

துறைமுக வாசலில் செக்யூரிட்டி பாஸ் கேட்டார். ஜெயசீலனுக்கு மறுபடி அடித்தோம். கெஞ்சிய பிறகு அவர், "சரி, மேடத்தை மட்டும் மேல விசிட்டர் கேலரிக்கு அனுப்புங்க. சார் வெளிய இருக்கட்டும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டு மஞ்சள் சட்டை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒரு டிரெய்லர் வண்டியின் ஜன்னலிலிருந்து ஓர் இளைஞன் தலையை நீட்டி, "அண்ணே, கார்டு அண்ணன்தானே நீங்க? நான் தில்லைகுமார்ணே, உங்க வீடியோ ஒண்ணு விடமாட்டேன்" என்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். தன் நம்பரையும் கொடுத்தான். புகழுக்கு நேரம் காலம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் மாடி ஏறினேன்.

கேலரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நீளக் கண்ணாடி, அதற்கு அந்தப்புறம் கன்ட்ரோல் அறை. கண்ணாடி அருகிலேயே சகாயா காதில் ஹெட்செட்டோடு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் பெட்டிச் சுவர்கள், நடுவில் ஒரு சந்து, சந்தில் ஒரு டிரெய்லர். மேலிருந்து ஒரு சிவப்புக் கண்டெய்னர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எண்கள்கூடத் தெளிவாக இருந்தன. அவ்வளவு அழகான படத்தை நான் எந்தக் கார்டிலும் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா மேடம்?" ஜெயசீலன் பெருமையாகச் சொன்னார். "முன்னல்லாம் ஒரே கலங்கலா இருக்கும்."

"சார், நீங்க பாக்கறது இப்ப நடக்கறது இல்ல. கார்டு தானா வரையறது. தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க."

"டெக்னிக்கல் டீம் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு—"

என் ஃபோன் அடித்தது. பாஸ்டின், வீடியோ காலில். அவன் முகம் குலுங்கியது, பின்னால் இரும்புச் சத்தம்.

"அக்கா, தில்லை வண்டியில ஏறி உள்ள வந்துட்டேன்! சகாயாவோட சந்துதான்! கேமராவுக்கு நேரா நின்னு கை ஆட்டுறேன், அவ என்னைப் பாத்தா நிறுத்திடுவா!"

காலையிலிருந்து அந்த ஆட்டைப் பார்த்தவன் அவன். வெங்கடாத்ரி சொன்னதைக் கூடவே இருந்து கேட்டவன். ஆனாலும் கேமரா முன்னால் நின்றால் திரையில் தெரிவோம் என்ற நம்பிக்கை அவன் ரத்தத்தில் ஊறியிருந்தது. வாழ்நாள் பூராவும் திரைக்கு முன்னால் நின்றே சம்பாதித்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

சகாயாவின் திரையைப் பார்த்தேன். சந்து காலியாக இருந்தது.

"டேய், வெளிய வாடா! அவளுக்கு நீ தெரியல!"

"ஆங்? கேக்கலக்கா! பாத்துட்டாளா?"

"ஓடுடா!"

"சத்தமா சொல்லுக்கா!"

அவன் ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையை ஆட்டினான். படம் உடைந்து உடைந்து, கட்டம் கட்டமாக வந்தது. அதில் அவன் தலைக்கு மேலே சிவப்பாக ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது.

"சார், கீழ ஆள் நிக்குது!"

ஜெயசீலன் திரையைப் பார்த்தார். நிஜமாகவே கவனமாகத்தான் பார்த்தார். "எங்க மேடம்? யாருமே இல்லையே."

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தேன். சகாயா திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினாள். மறுபடி அடித்தேன், வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. இந்த முறை அவள் புருவம் சுருங்கத் திரும்பியபோது ஃபோனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன்.

தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலைக்கு மேலே தொங்கிய பெட்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். அவள் அன்றாடம் தூக்குகிற பெட்டி, அவளுக்குத் தெரியாதா? திரையைப் பார்த்தாள், யாருமில்லை. ஃபோனைப் பார்த்தாள், இருந்தான்.

கிரேனை நிறுத்தும் சிவப்புப் பட்டனை முஷ்டியால் குத்தினாள்.

அறை முழுக்க மணி அலறியது. ஃபோனில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பாஸ்டினுக்கும் அதற்கும் இடையில் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. ஜெயசீலன் கதவைத் திறந்து உள்ளே ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். எல்லோரும் திரையை வெறித்துக்கொண்டு நின்றோம். சந்து இன்னும் காலியாகவே இருந்தது. அப்புறம், யாரோ பொறுமையாக வரைவதுபோல, தொங்கும் பெட்டிக்குக் கீழே ஒரு நிழல் விழுந்தது. நிழலுக்குக் கால் முளைத்தது, சட்டை வந்தது, கடைசியில் சிரித்த முகம். பாஸ்டின் கை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"கர்த்தரே" என்றார் ஜெயசீலன். சகாயா குச்சிகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஃபோனில் நான் கத்தியது மணிச்சத்தம் நின்ற பிறகுதான் அவனுக்குக் கேட்டது. வாக்கி டாக்கியில் யாரோ அவனை இழுத்து வரச் சொன்னார்கள். சந்தின் ஓரத்திலேயே கன்ட்ரோல் கட்டிடத்துக்கு ஏறும் இரும்புப் படி. மூச்சிரைக்க ஏறி வந்து நின்றான். சட்டையெல்லாம் கிரீஸ், தலையெல்லாம் புழுதி. சகாயா எழுந்துபோய் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"சரிம்மா, சரிம்மா" என்றான் பாஸ்டின். "இன்னிக்கே வீடியோவைத் தூக்கிட்டு உண்மையைப் போட்டுர்றேன். எவன் திட்டினாலும் பரவால்ல."

ஜெயசீலன் தொண்டையைச் செருமினார். "எல்லா மேசையையும் நிறுத்தச் சொல்லிட்டேன். கார்டைக் கழட்டிடுவாங்க. ஆனா சகாயா, அந்த ஒரு பெட்டியை மட்டும் இறக்கி வச்சிடுங்க. அப்படியே தொங்கவிடறது ஆபத்து. கடல்காத்து வேற. சார்தான் இங்க வந்துட்டாரே, கீழ யாரும் இல்ல."

நியாயமான பேச்சுதான். எனக்கே நியாயமாகப் பட்டது. சகாயா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டனை விடுவிக்கக் கையைக் கொண்டுபோனாள். கை பாதியிலேயே நின்றது.

"சார், திரையைப் பாருங்க."

திரையில் பாஸ்டின் இன்னும் நின்றுகொண்டிருந்தான். சிவப்புப் பெட்டிக்குக் கீழே, அதே சட்டையில், அதே சிரிப்போடு கை ஆட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற பாஸ்டின் தன்னைத்தானே பார்த்து ஒரு அடி பின்வாங்கினான்.

"அது பழசு சகாயா" என்றார் ஜெயசீலன். "கார்டு இன்னும் மாத்தல. அவ்வளவுதான். இவரு இங்க நிக்கறாரு இல்ல?"

"இவரு இங்க நிக்கறாரு, தெரியுது. அங்க யாரு நிக்கறாங்கன்னுதான் எனக்குத் தெரியல."

"அங்க யாரு இருப்பா?"

சகாயா பாஸ்டின் பக்கம் திரும்பினாள். "உன்னைக் கூட்டினு வந்த ட்ரைவரு எங்க?"

"தில்லையா? வண்டிக்குள்ளதான் இருப்பான்."

"நீ பாத்தியா?"

பாஸ்டின் வாசலில் தில்லை கொடுத்த நம்பரைத் தேடி அடித்து ஸ்பீக்கரில் போட்டான். முதல் மணியிலேயே தில்லை எடுத்துவிட்டான்.

"அண்ணே, எங்கண்ணே போய்ட்டீங்க? மணி அடிச்சுதே, அடிகிடி பட்டுச்சான்னு பயந்துட்டேன். எறங்கித் தேடினு இருக்கேன்."

"தம்பி, நீ இப்ப எங்க நிக்கிற?"

"நீங்க நின்ன எடத்துலதாண்ணே. பெட்டிக்கு நேர் கீழ. மேலேர்ந்து தண்ணி சொட்டுது, தலையெல்லாம் ஈரம்."

சகாயா நாற்காலியைப் பின்னால் தள்ளி, மேசையை விட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள்.

திரையில் பாஸ்டின் மட்டும் விடாமல் கை ஆட்டிக்கொண்டிருந்தான்.